பினாங்குச் சிலைக்கு யாருடைய முகம்?

பினாங்கில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனவர்கள் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றி 150 ஆண்டு ஆனதைக் கொண்டாட 1936-ல் செய்தது. அப்போது ஒரு சிக்கல். லைட்டின் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. அதனால் அவர் மகன் வில்லியத்தின் சாயலை வைத்துச் சிலையைச் செய்து முடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரை அளந்து வடிவமைத்தாரே, அதே வில்லியம் லைட்தான். அவருடைய தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். போர்த்துக்கீசிய வழி வந்த யுரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு) பெண் என்பார்கள். அப்படியானால் அந்த முகத்தில் பாதி மார்ட்டினாவுடையதாகத்தானே இருக்கும்?

இதை முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'பினாங்கை நிறுவியவர் பிரான்சிஸ் லைட்' என்று பாடப் புத்தகத்திலிருந்து சுற்றுலாக் கையேடு வரை எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தோடு எனக்கு நீண்ட நாள் சண்டை. கெடா சுல்தானின் தீவில் 1786 ஆகஸ்ட் 11-ல் அவர் கொடி ஏற்றினார், அது உண்மை. சயாம் (இன்றைய தாய்லாந்து) தாக்கினால் ஆங்கிலேயர் காப்பார்கள் என்று சுல்தான் நம்பினார். அந்தப் பாதுகாப்பு வரவே இல்லை, அதுவும் உண்மை. ஆனால் கொடி ஏற்றுவதால் ஊர் உண்டாகிவிடுமா? ஊரை உண்டாக்கியவர்கள் வந்து சேர்ந்தவர்கள். அவர்களிலும் எல்லோரும் தாமாக வந்தவர்கள் இல்லை. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் தாமாக வந்தவர்கள். லைட்டின் கணக்கு எளிது: காட்டை வெட்டுபவனுக்கு நிலம் சொந்தம், துறைமுகத்தில் வரி இல்லை. பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், ஆட்கள் காசைத் தேடிக் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கெடாவிலிருந்து கோ லே ஹுவான் வந்தார், சீனர்களின் முதல் கப்பித்தான், அதாவது சமூகத் தலைவர், ஆனார். கெடாவிலும் புக்கெட்டிலும் இருந்த யுரேசியக் கத்தோலிக்கர்கள் வந்தார்கள். அச்சேயிலிருந்து அரபு வழி வணிகர்கள், பிறகு பர்மியர், சயாமியர், ஆர்மீனியர். அப்புறம் நம் கரையிலிருந்து சூலியாக்கள்.

சூலியா என்றால் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைப் பக்கத்தவர்கள். லைட் வந்த பிறகு அவர்கள் மலாய்க் கரையைக் கண்டுபிடிக்கவில்லை. நம் இலக்கியம் கடாரம் என்று சொல்லும் கெடாவில் பல தலைமுறையாக வணிகம் செய்தவர்கள். மலாய் மொழியில் கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் காப்பல், பெட்டிக்குப் பெத்தி, கட்டிலுக்குக் காத்தில் என்று இருப்பது அந்த நெடுநாள் பழக்கத்தால்தான். புதுத் துறைமுகம் திறந்ததும் எதிர்க்கரைக்குப் பாயை விரித்தார்கள், அவ்வளவுதான்.

1794-ல், தான் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், லைட் எழுதிய அறிக்கையில் இவர்களைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. சூலியாக்கள் சுமார் 1,000 பேர் தீவில் இருக்கிறார்கள். அதுபோக ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 ஆண்களைக் கொண்டுவருகின்றன. அவர்கள் உழைத்துச் சில டாலர்கள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். படித்தபோது எங்கள் ஊரைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. நாகப்பட்டினம் பக்கம் 'சபுராளி' என்ற சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர் சபுராளி. என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். நாகையில் தோணி ஏறி, நடுக்கடலில் நின்ற ரஜுலா கப்பலுக்கு மாறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து பினாங்கு போய்ச் சேர்ந்தார். நான்கு வருடம் அங்கே, ஆறு மாதம் இங்கே. லைட் எழுதி நூற்று ஐம்பது வருடம் கழித்தும் அதே போக்குவரத்து.

ஆண்கள் மட்டும் வந்த ஊரில் என்ன நடக்கும்? வந்த இடத்திலேயே குடும்பம் உண்டாகும். சூலியாக்கள் மலாய்ப் பெண்களை மணந்தார்கள், ஜாவி பெரானாக்கன் என்ற சமூகம் பிறந்தது. சீன வணிகர்கள் அந்த மண்ணின் பெண்களை மணந்த வீடுகளிலிருந்து பாபா (ஆண்கள்), நோன்யா (பெண்கள்) என்ற கலப்புச் சமூகம். தாயின் மொழியும் தாயின் சமையலும் பிள்ளைக்குத்தானே போகும்? நோன்யா அடுப்படியில் புளியும் எலுமிச்சைப் புல்லும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் நுழைந்தது அப்படித்தான். பினாங்குப் பண்பாடு பற்றிப் பேசும்போது வணிகர் பெயராகவே அடுக்குகிறோம். எனக்கு அந்த ஊர் முதலில் அடுப்படியில் உருவானதாகத்தான் தோன்றுகிறது. அந்தப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? மார்ட்டினாவின் பெயர் லைட்டால் மிஞ்சியது.

இப்போது தாமாக வராதவர்கள்.

பினாங்கு ஒரு சிறைத் தீவாகவும் இருந்தது. 1796-ல் அந்தமானில் இருந்த முதல் குடியேற்றத்தை மூடியபோது அங்கிருந்த கைதிகளைப் பினாங்குக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல் கப்பலாக நாடு கடத்தப்பட்டவர்கள். காட்டை வெட்டியது, சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கை. முதலில் நிபோங் மரக்கட்டைகளால் அடைத்திருந்த கோட்டையைச் செங்கல் கோட்டையாக்கியதும், 1818-ல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதும் கைதிகளின் உழைப்பு. அந்த வெள்ளைத் தூண்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1801-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 'வேல்ஸ் இளவரசர் தீவுக்கு' அனுப்பினார்கள். அது பினாங்குக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர், பதின்வயதுப் பையன். மருதுகளோடு முதலில் நட்பாகவும் பிறகு எதிரியாகவும் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1818-ல் பினாங்குக்குப் போனபோது, உடல் நொந்து கிழவனைப் போல ஒருவர் எதிரில் வந்து நின்றார். பெயரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமி என்று வெல்ஷுக்குத் தெரிந்தது. வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவே. சிவகங்கைச் சீமை வரலாறு பேசும் நாம் துரைசாமியைக் கப்பலேற்றியதோடு கதையை முடித்துவிடுகிறோம். பினாங்கின் வரலாறு பேசுபவர்கள் அவரை நினைப்பதே அபூர்வம். இரண்டு கரைக்கும் நடுவில் விழுந்துபோனார்.

தீவுக்கு எதிரே வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் மூன்றாவது வரிசை. ஒப்பந்தமுறை 1910-ல் முடிந்தது, கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்க்கும் கங்காணி முறை 1938 வரை ஓடியது. அது தனிப் பதிவுக்குரியது, இங்கே அடக்க முடியாது.

இவர்கள் எல்லோரும் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்தபோது உண்டானவற்றைத்தான் நான் பண்பாடு என்கிறேன். இன்று முழுக்க மலாய்க் கலையாக இருக்கும் போரியா என்ற ஆடல்பாடல், நம் நாட்டுச் சிப்பாய்கள் கொண்டுபோன முஹர்ரம் ஊர்வலத்திலிருந்து கிளைத்தது. தோளில் காவடிபோல் தடியைச் சுமந்து, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சோறு நாசி கண்டார் ஆனது. 1894-ல் வந்த செட்டியார்களின் வெள்ளி ரதம் தைப்பூசத்தில் வீதிக்கு வரும்போது சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள்.

ஆனால் இதை 'நல்லிணக்கத் தெரு' என்று ஒரே பெயரில் சுருக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், தேவாலயம், மாரியம்மன் கோயில் எல்லாம் நடை தூரத்தில் இருப்பது உண்மைதான். அதே தெருக்களில் 1867 ஆகஸ்டில் பத்து நாள் கலவரம் நடந்ததும் உண்மை. அதில் சீனர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று நிற்கவில்லை. கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கத்தோடு வெள்ளைக் கொடி முஸ்லிம்கள், அதற்கு எதிரான துவா பெக் கொங் என்ற சீனச் சங்கத்தோடு சிவப்புக் கொடி முஸ்லிம்கள். சண்டை போட்டபோதும் கலந்தேதான் போட்டார்கள்! பிழைப்புக்காக ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியிருந்தது, அதிலிருந்து உறவும் பகையும் சேர்ந்தே வந்தன. இதை அப்படியே சொன்னால் அந்த ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

2008-ல் யுனெஸ்கோ பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2000-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியபோது, தலைமுறையாகக் குடியிருந்த சாதாரண மக்கள் பலர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறிவிட்டார்கள். இப்போது பல வீடுகளில் விடுதியும் காப்பிக் கடையும். சுவர் காப்பாற்றப்பட்டது நல்லதுதான். அதற்குள் இருந்தவர்களைக் காப்பாற்ற யாரும் சட்டம் போடவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி 2004 சுனாமியில் ஊறிப்போனது. பினாங்கிலிருந்து அவர் போட்ட கடிதங்கள் மை கரைந்து ஒட்டிக்கொண்டன, பிரிக்கவே முடியவில்லை. மிஞ்சியது ஒரு படம், சூலியா தெருவில் ஒரு கடைவாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள். தாத்தாவைத் தவிர மற்ற ஐந்து பேர் யார் என்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆள் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதி வாங்கிவிடுங்கள்.