ரோட்டுக்கு இடம் விடுமுன் சம்மதபத்திரத்தைப் படியுங்கள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து ஆட்களுக்குச் சொல்கிறேன். வார்டு ரோட்டை அகலப்படுத்த இடம் கேட்டு பஞ்சாயத்திலிருந்து மலையாளத்தில் ஒரு பக்கச் சம்மதபத்திரம் வரும். சர்வே நம்பர் இருக்கும், எவ்வளவு இடம் என்பது காலியாக இருக்கும். "எல்லாரும் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி" என்பார்கள். அளவு எழுதாத தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

ரோட்டோரம் 60 மீட்டர் நீளமுள்ள தோப்பில் ஒன்றரை மீட்டர் போனால் 90 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.2 சென்ட். அதோடு முடியாது. கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் 220-ஆம் பிரிவுப்படி தேசிய, மாநில, மாவட்டச் சாலைகளையும் பஞ்சாயத்து அறிவிக்கை செய்த சாலைகளையும் ஒட்டி 3 மீட்டருக்குள் கட்டடம் கட்டக்கூடாது. ரோடு உள்ளே வந்தால் அந்த 3 மீட்டரும் உள்ளே வரும். ஐந்து சென்ட் மனைக்காரர் எங்கே வீடு கட்டுவார்? இலவசமாக இடம் விட்டவர்களுக்குக் கட்டட விதிகளில் தனிச் சலுகைகள் உண்டுதான். ஆனால் இடம் விட்டதற்கு எழுத்தில் சான்று இருந்தால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும்.

இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பஞ்சாயத்து விலைக்கு வாங்கலாம், இல்லையென்றால் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி கையகப்படுத்தலாம். கையகப்படுத்தினால் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும், ஆட்சேபம் சொல்ல 60 நாள் தரவேண்டும். நிலத்துக்குச் சந்தை மதிப்பு, மரம், கிணறு, மதிலுக்குத் தனி மதிப்பு, இதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. பஞ்சாயத்திடம் அவ்வளவு பணம் இல்லை என்பது நியாயமான கஷ்டம்தான். அதற்காக, யோசிக்க நேரம் கேட்டவரை வளர்ச்சிக்கு எதிரி என்று கிராம சபையில் பேர் சொல்லிப் பேசுவது அநியாயம். சொத்துரிமை அரசியல் சட்டத்தின் 1978-ஆம் ஆண்டு 44-ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போனது உண்மை. ஆனாலும் சட்டத்தின் வழியில் அல்லாமல் யார் சொத்தையும் பறிக்கக்கூடாது என்று அதே அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. இமாசலப் பிரதேசத்தில் 1967-68-இல் ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்று அரசு வாதிட்டது. 2020-இல் வித்யா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மனமுவந்து கொடுப்பவர்கள் கொடுங்கள், நல்ல காரியம். பத்திரத்தில் நீளம், அகலம், பரப்பு மூன்றும் இருக்கட்டும், ஸ்கெட்ச் ஒன்றும் இணைந்திருக்கட்டும். மதிலைத் திரும்பக் கட்டித் தருவது யார் என்றும் எழுதி வாங்குங்கள். கூட்டுச் சொத்தென்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடவேண்டும். நிலம் அடமானத்தில் இருந்தால் முதலில் பேங்கில் கேளுங்கள். சீல் போட்ட நகல் கைக்கு வரட்டும். பலர் விடுவது இதற்கடுத்த வேலையை: வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேரில், அதாவது உங்கள் பேரிலுள்ள நிலவரிக் கணக்கில், அளவைக் குறைக்கவேண்டும். குறைக்காவிட்டால் இல்லாத இடத்துக்கும் கரம் (நிலவரி) கட்டுவீர்கள், விற்கும்போது ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தில்) உள்ள அளவு தரையில் இருக்காது. மொழிச் சிறுபான்மைப் பகுதியின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் வாங்கவும் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. பழைய சர்வே ரிக்கார்டில் ரோட்டுப் புறம்போக்கு இப்போதிருக்கும் தாரைவிட அகலமாக இருக்க வாய்ப்புண்டு. மீதி யாருடைய வேலிக்குள் போயிற்றென்று பார்க்கவேண்டும். தாலுகா சர்வேயர் வந்து அதை முதலில் அளந்து கல் நடட்டும். அப்புறமும் அகலம் பத்தவில்லை என்றால், நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கட்டும்.