டிசம்பர் 6: ஒரு தேதி கேட்டேன், சிரித்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், 1989இல் கனடாவில் கொல்லப்பட்ட 14 பெண்களுக்கு ஒரு நினைவு நாள் கேட்டேன். சிரித்தார்கள், மைக்கை வாங்கிக்கொண்டார்கள். இது இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒலிப்பதிவு புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நாலு சுற்று சுற்றி வந்துவிட்டது. யார் சிரித்தார்கள், யார் மைக்கை வாங்கினார்கள் என்று மறுபடி எழுதப் போவதில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அன்றைக்கு என்னை முடிக்க விடாத பேச்சை இங்கே முடித்துக்கொள்கிறேன்.

நான் கேட்டது இவ்வளவுதான். டிசம்பர் 6 அன்று மண்டபத்தில் 14 அகல் விளக்கு ஏற்ற வேண்டும், 14 பெயர்களை வாசிக்க வேண்டும், ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாது. இனி ஆண்டுதோறும் அதே தேதியில் செய்ய வேண்டும். காசு கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை, மாலை மரியாதை கேட்கவில்லை. அதற்குத்தான், "யாரோ வெள்ளைக்காரப் பொண்ணுங்க செத்ததுக்கு நம்ம ஊர்ல ஒப்பாரியா, அக்கா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் அந்தச் சிரிப்பு.

சரி, அந்த "யாரோ" யார் என்று சொல்கிறேன்.

1989 டிசம்பர் 6. கனடாவின் மோண்ட்ரியல் நகரத்தில் எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒருவன் துப்பாக்கியோடு ஒரு வகுப்புக்குள் நுழைந்தான். ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் பிரித்தான். ஆண்களை வெளியே அனுப்பினான். அங்கே ஒன்பது மாணவிகள் மிஞ்சினார்கள். பெண்ணுரிமை பேசுகிறவர்களை வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சுட்டான். ஆறு பேர் அந்த அறையிலேயே போனார்கள். பிறகு நடைவழி, உணவகம், இன்னொரு வகுப்பு. மொத்தம் 14 பெண்கள். 12 பேர் பொறியியல் மாணவிகள். ஒருத்தி தாதிமைக் கல்வி படித்தவள். ஒருத்தி அந்தக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவள்.

அந்த 14 பேரில் ஒரு பெண்ணின் அப்பா போலீஸ்காரர். செய்தியாளர்களிடம் பேச வேண்டிய பொறுப்பு அவருக்கு. வெளியே நின்று அவர்களுக்கு விவரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே கிடந்தது அவருடைய மகள். இதைப் படித்த அன்று நான் சோறு வடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரர் என்றால் பெற்ற வயிறு எரியாதா?

இரண்டு ஆண்டு கழித்து, 1991இல், டான் பிளாக் என்ற பெண் எம்.பி. தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். கனடா நாடாளுமன்றம் டிசம்பர் 6ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் தேசிய நினைவு நாளாக அறிவித்தது. செத்தவர்களுக்கு ஒரு தேதி கிடைத்தது. நான் கேட்டதும் அந்தத் தேதியைத்தான்.

தேதி என்றால் என்னவென்று மலேசிய ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பாட்டியின் தம்பியை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். லாரியில் ஏறியபோது பதினெட்டு வயது. திரும்பி வரவில்லை. எங்கே செத்தார், எப்போது செத்தார், யாருக்கும் தெரியாது. நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியாது. பாட்டி சாகும் வரைக்கும் தீபாவளிப் படையலில் ஒரு வேட்டியை மட்டும் தனியாக மடித்து வைப்பார். யாருக்கு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். கஞ்சனாபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசையாகக் கல்லறைகள், பூச்செடிகள், பெரும்பாலான கல்லில் பெயரும் நாளும். அதே பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. தேதி இல்லாமல் செத்தவர்களின் குடும்பம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர் இது. இந்த ஊரில்தான் தேதி கேட்டதற்குச் சிரிக்கிறார்கள்.

"அப்படியானால் சயாமுக்குப் போனவர்களுக்கு நினைவு நாள் வை, கனடா எதுக்கு?" என்று ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். தம்பி, நியாயமான கேள்வி. வையுங்கள். நான் முதல் ஆளாக வந்து விளக்குத் துடைக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சயாமுக்குப் போனவர்களை எத்தனை முறை நினைத்தீர்கள்? நான் ஒரு விளக்கை எடுத்த பிறகுதானே அந்த விளக்கு உங்களுக்கு ஞாபகம் வந்தது? ஒரு துக்கத்தை வைத்து இன்னொரு துக்கத்தின் வாயை அடைக்க வேண்டாம்.

இன்னொருவர், "நம்ம நாட்டில் துப்பாக்கியே கிடையாது, இங்கே எதற்கு இந்தப் பயம்" என்கிறார். துப்பாக்கிச் சட்டம் இங்கே கடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 அக்டோபரில் சிலாங்கூரின் பண்டார் உத்தாமாவில், பள்ளிக்கூடத்துக்குள், பள்ளி நேரத்தில், 16 வயதுப் பிள்ளை கத்திக்குத்தில் செத்தாளே? அதற்குத் துப்பாக்கி தேவைப்பட்டதா? அன்றைக்கு இதே புலனக் குழுவில் எல்லோரும் அழுத முகம் போட்டீர்கள். இரண்டு வாரம். அப்புறம் யார் வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்று போய்விட்டது. குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் போனேன். தேதி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தேதி இல்லாத துக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விளக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மைக் என் கையில் இல்லை.

"இதையெல்லாம் பேசிப் பேசித்தான் அடுத்தவனுக்கும் அந்த எண்ணம் வருகிறது" என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். இதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். இரண்டு இரவு யோசித்தேன். கொன்றவன் படத்தையும் பெயரையும் திரும்பத் திரும்பப் போட்டால் அது அவனுக்கு விளம்பரம்தான். அதனால்தான் நான் அவன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. என் தாளில் இருந்தது 14 பேரின் பெயர் மட்டும். கொன்றவன் பெயரை உலகம் தானாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். செத்தவர்கள் பெயரை யாராவது உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு.

"ஆண்கள் சாகவில்லையா, ஆண்களுக்கு நினைவு நாள் உண்டா" என்றும் கேட்டார்கள். அன்று காயப்பட்டவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவர்களும் விளக்கேற்ற வரலாம். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மகள் கனடாவில் படிக்கிறாள் என்பதைக் காட்டிக்கொள்ளத்தான் இதெல்லாம் என்று ஒருவர் பேசியதும் காதுக்கு வந்தது. ஆமாம், என் மகள் மோண்ட்ரியலில் படிக்கிறாள், இயந்திரப் பொறியியல். அவள் வழியாகத்தான் இது எனக்குத் தெரியும். 2024 டிசம்பரில் விடியற்காலை ஆறு மணிக்கு மேல் திடீரென்று காணொளி அழைப்பு. என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன். அவளுக்கு அங்கே மாலை 5.10, நன்றாக இருட்டிவிட்டது. எனக்கு இங்கே காலை 6.10, இன்னும் விடியவில்லை. "அம்மா, பேசாதே, பாரு" என்றாள். நகரத்து நடுவில் இருக்கும் மோன் ரொயால் குன்றிலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு வெளிச்சத் தூண் எழுந்தது. ஒரு பெயர் சொன்னார்கள். இன்னொரு தூண். இன்னொரு பெயர். இப்படிப் பதினான்கு. கூட்டம் இருமக்கூட இல்லை. 2014இலிருந்து அந்த விளக்குகளை ஏற்றுகிறார்களாம், சுட ஆரம்பித்த அதே நேரத்துக்கு. அடுப்பில் தோசை கருகிப் போனது.

அவள் அழைப்பை வைத்த பிறகு எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. இதை இங்கே இதுவரை எழுதியதில்லை. அந்தப் பெண்கள் செத்த 1989இல்தான் நான் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதினேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம், லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), அப்பா ரப்பர் பால்வெட்டு. கணிதம் எனக்கு நன்றாக வரும். இயற்பியல் ஆசிரியர் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பிக்கச் சொல்லி பாரம் வாங்கிக் கொடுத்தார். அப்பா அதைத் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் காட்டி விவரம் கேட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார். அன்று இரவு மாமா வந்தார். பொம்பளப் பிள்ளை ஆம்பளப் பசங்களோடு சேர்ந்து இரும்பைப் பிடித்து வேலை செய்யப் போகிறதா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று ஒரு மணி நேரம் பேசினார். பேசிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாரம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. நான் தொழிற்சாலைக்குப் போனேன். இருபத்தாறு வருஷம்.

மாமா யாரையும் சுடவில்லை. நல்ல மனுசன், என் கல்யாணத்துக்கு மூன்று பவுன் போட்டவர். இரண்டையும் ஒன்றாக்குகிறாய் என்று சண்டைக்கு வராதீர்கள், ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, லயத்து வீட்டில் தொங்கிய அந்த மங்கல் விளக்கும், அதன் கீழே சிரித்த அப்பா முகமும்தான் கண்ணில் வந்தது. பெண் பிள்ளை பொறியியல் படிப்பது ஒருவனுக்கு ஆத்திரம், இன்னொருவருக்கு வேடிக்கை. ஆத்திரப்பட்டவன் செய்ததை உலகம் பார்த்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

மைக்கை வாங்கியபோது என்னிடம் சொன்னது ஒலிப்பதிவில் சரியாகக் கேட்காது. "நீங்க சாப்பாட்டுப் பகுதிய மட்டும் பாத்துக்குங்க, அக்கா." பதினோரு வருஷமாக அந்த மண்டபத்தின் சாப்பாட்டுப் பகுதியை நான்தான் பார்க்கிறேன். பொங்கலுக்கு, ஆசிரியர் தினத்துக்கு, பரிசளிப்புக்கு. நானூறு பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு விவரம் தெரியும். 14 பெயர் வாசிக்க மட்டும் விவரம் பத்தாது.

அந்தப் பெயர்களை வாசிக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று தெரியுமா? பெரும்பாலும் பிரெஞ்சுப் பெயர், ஒன்று போலந்துப் பெயர். மகள் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். எழுத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாதாம், பாதி எழுத்தை விழுங்க வேண்டுமாம். ஒரு பெயரை ஒன்பது தடவை சொல்ல வைத்தாள். "அம்மா, செத்துப் போனவங்க பேரு, தப்பாச் சொல்லக் கூடாது" என்றாள். சரிதானே? நம் பெயரை அரசாங்க அலுவலகங்களில் கண்டபடி எழுதி, அதைத் திருத்த நாம் அலைந்தது கொஞ்சமா?

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், என்மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் குறையட்டும். அந்த ஊரிலேயே இதை ஒத்துக்கொள்ள நாளாயிற்று. பைத்தியக்காரன் ஒருவன் செய்தது, பெண்கள் விஷயமாக்க வேண்டாம் என்று அங்கேயும் பலர் பேசினார்கள். அந்த இடத்துப் பூங்காவில் வைத்த பலகையில் வெறுமனே துயர நிகழ்ச்சி என்றுதான் இருந்தது. 2019இல், முப்பதாம் ஆண்டில்தான், அது பெண்ணுரிமைக்கு எதிரான தாக்குதல் என்று மாற்றி எழுதினார்கள். அவர்களுக்கே முப்பது வருஷம். உங்களுக்கு மூன்று நாள்தான் ஆகிறது. நான் காத்திருக்கிறேன். ஆனால் விளக்கு காத்திருக்காது.

மண்டபம் இனி வேண்டாம். சாவியைக் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்கப் போவதில்லை. தீபாவளிக்கு விற்றது போக மிச்சமிருந்த அகல் விளக்குகளைக் கடையிலிருந்து நேற்றே வாங்கிவிட்டேன். 14 கேட்டேன். பண்டார் உத்தாமா பிள்ளைக்கு ஒன்று சேர்த்து 15 ஆக்கினேன். வீடு வந்த பிறகு பாட்டியின் ஞாபகம் வந்து, பழைய விளக்கு ஒன்றைத் துடைத்து 16 ஆக்கினேன்.

அங்கே 6ஆம் தேதி மாலை 5.10 என்றால் நமக்கு 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 6.10. என் வீட்டு அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) ஏற்றுகிறேன். மகள் அங்கிருந்து அழைப்பில் இருப்பாள். வர நினைப்பவர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வாருங்கள், பையன்களையும்தான். பெயர்கள் எழுதிய தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு பெயர் வாசிக்கலாம். கேட் திறந்திருக்கும். நாயைப் பின்னால் கட்டிவிடுவேன்.