யார்க் சுவரில் முழுச் சுற்று வர முடியாது
இங்கிலாந்தின் யார்க் நகரின் கோட்டைச் சுவர் மேல் ஏறினால் இறங்காமலே ஊரை ஒரு சுற்று வந்துவிடலாம் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படி முடியாது. இப்போது இருப்பது சுமார் 3.4 கி.மீ. சுவர், அதுவும் நடுநடுவே அறுந்துபோகிறது. பெரிய இடைவெளி கிழக்கே, லேயர்தார்ப் பக்கம். அங்கே சுவர் இடிந்துபோகவில்லை, கட்டவே இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் ஃபாஸ் ஆற்றை மறித்து அணை போட்டதில் அந்த இடமே ஏரியும் சேறுமாக ஆனது. அரசரின் மீன்குளம் என்று பெயர். தண்ணீரே காவல். இது தெரியாமல் போன நான், படியிறங்கி வண்டிகள் ஓடும் சாலையோரமாக நடந்து, வழி தவறிவிட்டோமோ என்று பயந்தே போனேன். அப்புறம் ரெட் டவர் தெரிந்தது, சுவர் மறுபடி தொடங்கியது. மற்ற இடமெல்லாம் வெளிர் சுண்ணாம்புக்கல், இந்தக் கோபுரம் மட்டும் சிவப்புச் செங்கல். நேரம் குறைவு என்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை நடந்தாலே போதும் (இங்கே 'பார்' என்றால் கோட்டை வாயில்). மின்ஸ்டர் பேராலயம் மரங்களுக்கு மேலே கூடவே வரும். சுவர் மேல் குழந்தை வண்டி கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், படிகள் செங்குத்து, பல இடங்களில் உள்பக்கம் தடுப்புக் கம்பியே இல்லை.