பெட்டிக்குள் வந்தால் வரலாறு, நான் செய்தால் பொம்மை

சனிக்கிழமை பிளாஸ்டிக் மாடல் போட்டியில் என் விமானத்தை ஜெட் மேசையிலிருந்து எடுத்துக் கற்பனை மாடல்கள் மேசையில் வைத்த விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் படத்தைப் போட்டு, "வேற்றுக்கிரக விமானப்படை" என்று தலைப்பும் வைத்து, கீழே ஆளாளுக்குச் சிரித்துவிட்டு, கடைசியில் என்னையும் டேக் செய்திருக்கிறார்கள். இதற்கு மேலும் சும்மா இருந்தால் அவர்கள் சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடும். நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம்.

என் டிஎஸ்ஆர்-2, அறுபதுகளில் பிரிட்டன் கட்டிய குண்டுவீச்சு ஜெட், ஒரு டிராகனுக்கும் ஒரு ரோபோவுக்கும் நடுவில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். டிராகன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. செதில் செதிலாக டிரை பிரஷ் (காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் நிறம் தடவுவது) செய்திருந்தார் அந்த நண்பர், பிரமாதம். ஆனால் நான் பெயர் கொடுத்தது 1/72 (நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு) ஜெட் விமானப் பிரிவுக்கு. காலையில் அந்த மேசையில்தான் வைத்தேன். மதியம் திரும்பி வந்தபோது மாடல் அங்கே இல்லை. கேட்டதற்கு நடுவர் சொன்னது இது: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இல்லாத விமானத்துக்கு நாங்க எதை வெச்சு மார்க் போடுறது?"

இல்லாத விமானமா? 1964 செப்டம்பர் 27 அன்று பறந்த விமானம் அது. மொத்தம் 24 தடவை பறந்தது. ஒரு எஞ்சினில் மட்டும் ஆஃப்டர்பர்னரை (எஞ்சின் புகையில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) போட்டுக்கொண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டி, கூடவே பறந்து வந்த லைட்னிங் போர் விமானத்தைப் பின்னால் தவிக்கவிட்டது. 1965 ஏப்ரல் 6 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் உரையோடு உரையாகத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இரண்டாவது விமானம் முதல்முறை பறக்கத் தயாராக நின்றதும் அதே நாளில்தான். பறந்த அந்த ஒன்றைக் கொண்டுபோய் ஆயுதச் சோதனைக்கு இலக்காக நிறுத்திச் சுட்டார்கள். இதெல்லாம் நான் கற்பனை செய்ததில்லை.

நான் கற்பனை செய்தது ஒன்றே ஒன்று. அந்த ஏப்ரல் 6 நடக்காமல் போயிருந்தால்? விமானம் படையில் சேர்ந்து, வயதாகி, 1991 வளைகுடாப் போருக்குப் பிரிட்டனின் டோர்னேடோ குண்டுவீச்சு விமானங்களோடு போயிருந்தால்? இப்படி 'நடந்திருந்தால்' என்று செய்வதைத்தான் வாட்-இஃப் மாடல் என்கிறோம். வளைகுடாவுக்காகத்தான் மாடலுக்கு அந்தப் பாலைவன இளஞ்சிவப்பு. "பிங்க் கலர் பார்பி விமானம்" என்று கமெண்ட் போட்ட அன்பருக்கு: 1991-இல் பிரிட்டிஷ் டோர்னேடோக்கள் நிஜமாகவே அந்த நிறத்தில்தான் போருக்குப் போயின. கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கலாம்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என் மாடலை எடுத்த அதே ஜெட் மேசையில், இரண்டு அடி தள்ளி, ஹார்ட்டன் 229 ஒன்று நின்றுகொண்டிருந்தது. வால் இல்லாத அந்த ஜெர்மன் பறக்கும் இறக்கைதான். இருவர் உட்காரும் இரவு வேட்டை விமானமாம், மூக்கில் ரேடார் கொம்புகளாம், பக்கத்தில் படைப்பிரிவுச் சின்னமாம். நிஜத்தில் நடந்தது என்ன? ஜெட் எஞ்சினோடு பறந்தது ஒரே ஒரு விமானம். சில தடவை பறந்து, 1945 பிப்ரவரி 18 அன்று கீழே விழுந்து, ஓட்டியவரும் இறந்துபோனார். அடுத்ததைப் பாதி கட்டியிருந்த நிலையில் அமெரிக்கர்கள் கைப்பற்றினார்கள். படையில் சேரவே இல்லாத விமானத்துக்குப் படைப்பிரிவுச் சின்னம் எங்கிருந்து வந்தது? கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் தொகுப்பு) பெட்டிக்குள்ளிருந்து வந்தது. டீகால் ஷீட்டில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாளில், அச்சடித்திருந்தார்கள், இவர் ஒட்டினார். அதனால் அது வரலாறு ஆகிவிட்டது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கிட் தயாரிக்கிறவன் கற்பனை செய்தால் வரலாறு. நான் கற்பனை செய்தால் பொம்மை. அந்த ஹார்ட்டனை அங்கிருந்து எடுக்கச் சொல்லவில்லை, அழகான வேலைதான். அதற்கு மார்க் போட எதை வைத்துப் பார்த்தீர்களோ, அதையே வைத்து என்னுடையதையும் பாருங்கள் என்கிறேன். ஒட்டு தெரிகிறதா, இரண்டு இறக்கையும் ஒரே கோணத்தில் இருக்கிறதா, டீகாலின் ஓரம் வெள்ளி மாதிரி மின்னுகிறதா, பெயின்ட் சொரசொரப்பாக இருக்கிறதா. இதற்கெல்லாம் விமானம் போரில் கலந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

"வாட்-இஃப் செய்பவர்கள் சோம்பேறிகள், ஆராய்ச்சி செய்ய வலிக்கும், தப்பு வந்தால் 'கற்பனை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். நான் மதிக்கிறவர்தான், அதனால்தான் கூடுதலாக வலித்தது. ஐயா, நிஜ விமானத்தைச் செய்யும்போது எனக்கு வேலை சுலபம். புகைப்படம் இருக்கிறது, அதைப் பார்த்து அப்படியே செய்தால் முடிந்தது. நடக்காத ஒன்றைச் செய்யும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

அந்த இளஞ்சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது போருக்காக மேலே அடித்த தற்காலிக பெயின்ட், கழுவினால் போய்விடும் வகை. அடியில் பழைய சாம்பல், பச்சைத் திட்டுகள் அப்படியே இருந்தன. அதனால் நான் முதலில் முழு விமானத்துக்கும் சாம்பலும் பச்சையும் அடித்து முடித்தேன், வெளியே தெரியப்போவதில்லை என்று தெரிந்தே. அதற்கு மேல் இளஞ்சிவப்பை மெல்லிசாக ஏர்பிரஷ் செய்து, காது குடையும் பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, இறக்கையின் முன்விளிம்பிலும் ஏறி இறங்கும் இடத்திலும் மட்டும் தேய்த்து எடுத்தேன். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரு தேய்ப்பு கூடிப்போனால் பிளாஸ்டிக் வரைக்கும் போய்விடும்.

அப்புறம் வால். டோர்னேடோவின் வால் எப்போதும் கரி பிடித்துக் கறுத்திருக்கும். தரையிறங்கும்போது எஞ்சின் புகையை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைக்கும் அமைப்பு அதில் உண்டு, அந்தப் புகை வாலில் படிகிறது. டிஎஸ்ஆர்-2-இல் அந்த அமைப்பே கிடையாது, பின்னால் பாராசூட்தான். அதனால் என் விமானத்தின் வாலைச் சுத்தமாக விட்டேன். "பெயின்ட் அடிச்ச மாதிரியே இருக்கு, வால்ல அழுக்கே காணோமே" என்றார் ஒருவர். காரணத்தைச் சொன்னேன், அதற்குள் அவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அவ்வளவு பழைய விமானம் 1991 வரைக்கும் ஓடியிருக்குமா" என்பவர்களுக்கு: பக்கனீர் என்ற தாக்குதல் விமானம் 1962-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. அதே இளஞ்சிவப்பைப் பூசிக்கொண்டு, டோர்னேடோக்கள் போடும் குண்டுகளுக்கு லேசரால் இலக்கு காட்ட, வளைகுடாவுக்கு அதுவும் போனது. அதைவிட இளைய விமானம் போயிருக்காதா? என் விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்குவது பக்கனீர் தூக்கிப்போன அதே பேவ் ஸ்பைக் லேசர் கருவி. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. டிராகன் பக்கத்தில் நிற்கும்போது யார் கவனிப்பார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே எதிர்பாராமல்தான். ரொம்ப வருடம் முன்பு பழைய மஸ்டாங் (இரண்டாம் உலகப் போர் கால அமெரிக்கப் போர் விமானம்) கிட் ஒன்று கிடைத்தது. கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, டீகாலைத் தண்ணீரில் போட்டேன். மஞ்சளடித்துப் போயிருந்த அமெரிக்க நட்சத்திரம் கண்ணெதிரே துண்டு துண்டாக உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. உபரி டீகால் டப்பாவில் தேடினால் அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது சுவீடனின் மூன்று கிரீடச் சின்னம் மட்டும்தான், டிராக்கன் என்ற சுவீடன் ஜெட்டின் கிட் ஏதோ ஒன்றில் மிஞ்சியது. அதுவும் கொஞ்சம் பெரிசு, இறக்கையின் ஓரத்தில் வழிந்து நின்றது. "சுவீடனுக்கு ஏதுடா மஸ்டாங்" என்று நானே சிரித்துக்கொண்டு ஒட்டினேன். அப்புறம் ஒருநாள் படித்தபோது தெரிந்தது, இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் சுவீடன் நிஜமாகவே மஸ்டாங்குகளை வாங்கி, ஜே 26 என்று பெயர் வைத்து ஓட்டியிருக்கிறது. அந்த இரவு முழுக்க அதைப் பற்றியே தேடிக்கொண்டிருந்தேன். டீகால் உடையாமல் இருந்திருந்தால் எனக்கு சுவீடன் விமானப்படை என்று ஒன்று இருப்பதே கடைசிவரை உறைத்திருக்காது.

"வரலாற்றைத் திரிக்கிறீர்கள், பார்க்கிற பிள்ளைகள் நம்பிவிடும்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. மாடலுக்கு முன்னாலேயே அட்டையில் எழுதி வைத்திருந்தேன், எது நிஜம், எது கற்பனை என்று. மேசை மாற்றியவர்கள் அந்த அட்டையை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். இது யார் தப்பு?

வரலாறு வரலாறு என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் எஞ்சினை மூக்கில் மாட்டிய ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்றை நான் மேசையில் வைத்தால் என்ன சொல்வீர்கள்? ஸ்பெயினில் அதை நிஜமாகவே செய்தார்கள், புச்சோன் என்று பெயர். ஜெர்மன் எஞ்சின் மாட்டிய ஸ்பிட்ஃபயர்? கைப்பற்றிய ஸ்பிட்ஃபயர் ஒன்றில் ஜெர்மானியர்களே டைம்லர் பென்ஸ் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். தாவீதின் நட்சத்திரம் போட்ட மெஸ்ஸர்ஷ்மிட்? 1948-இல் இஸ்ரேல் வாங்கிய முதல் சண்டை விமானங்களே அவைதான். செக்கோஸ்லோவாக்கியாவில் கட்டிய எஸ்-199, உள்ளே குண்டுவீச்சு விமானத்துக்கான எஞ்சின். இதையெல்லாம் என் மூளை கற்பனை செய்யாது சாமி. செய்து கொண்டு வந்திருந்தால் ரோபோ பக்கத்தில்தான் வைத்திருப்பீர்கள்.

போர்க் கருவிகளுக்கு அலங்காரம் செய்கிறீர்கள் என்று ஒரு தோழர் எழுதினார். தோழரே, நிஜமாகவே ஊர்களை எரித்த விமானங்கள் அந்த மண்டபத்தில் வரிசையாக நின்றன. என் விமானம் யார் தலையிலும் குண்டு போட்டதில்லை. கேள்வியை அங்கே கேட்டுவிட்டு வாருங்கள். 1946-இல் ஜெர்மனி ஜெயித்துக்கொண்டிருப்பதாகப் படம் காட்டும் மாடல்களைப் பற்றிக் கேட்டால், எனக்கும் அதில் சில உவப்பில்லை. ஆனால் அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதைச் செய்பவர்கள் ஜெட் மேசையில் சௌகரியமாகத்தானே இருக்கிறார்கள்.

துல்லியம் பேசுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1/72 மாடலில், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். நிஜ அளவில் அது 14.4 மில்லிமீட்டர். எந்த விமானத்தில் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விடுகிறார்கள்? அப்படி விட்டால் அது பறக்குமா? அதற்குள் கறுப்பு வாஷ் (தண்ணியாகக் கரைத்த பெயின்ட்) வேறு ஊற்றி எடுப்பாகக் காட்டுகிறோம். நானும் செய்கிறேன், நீங்களும் செய்கிறீர்கள், பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக. ரிவெட் எண்ணும் (ஆணி ஆணியாகத் துல்லியம் பார்க்கும்) கூட்டம் இதை மட்டும் எண்ணாது.

1986-இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 என்று ஒரு ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) விமான கிட்டை விற்றது. அப்படி ஒரு விமானமே இல்லை. ரகசியமாக என்னவோ பறக்கிறது என்ற வதந்தியை வைத்து அவர்களாக வரைந்தது. அமோகமாக விற்றது. 1988 நவம்பரில் நிஜ ஸ்டெல்த் விமானமான எஃப்-117-ஐ வெளியே காட்டியபோது, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இது வளைவு வளைவாக, அது பட்டை பட்டையாக. அந்த எஃப்-19-ஐ இன்றைக்குப் பெட்டியோடு கொண்டுவந்தால் சுற்றி நின்று படம் எடுப்பீர்கள். ஏன்? பெட்டியில் வந்ததல்லவா.

இதெல்லாம்கூடப் போகட்டும். மேசை மாற்றினால் மாற்றிக்கொள்ளுங்கள், எனக்குப் பதக்கம் வந்து நிறைய வேண்டியதில்லை. ஆனால் யாரைக் கேட்டு அதைக் கையில் எடுத்தீர்கள்? டிஎஸ்ஆர்-2-இன் மூக்கில் நீளமாக ஒரு பிடோட் குழாய் (பறக்கும் வேகத்தை அளக்க உதவுவது) இருக்கும். பிளாஸ்டிக்கில் வந்தது தடிமனாக இருந்ததால், ஊசியை அறுத்து, துளை போட்டு, நேராக நிற்கும்வரை திரும்பத் திரும்ப ஒட்டியது. திரும்பி வந்து பார்த்தபோது அது வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முன் சக்கரக் காலும் ஆடியது. இரண்டு வார்த்தை, "கை பட்டுடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று யாராவது சொன்னார்களா? பொம்மைதானே என்று நினைத்திருப்பார்கள். அந்த ஹார்ட்டனை இப்படித் தூக்கியிருப்பார்களா? கண்ணாடிப் பெட்டியோடு நகர்த்தியிருப்பார்கள். "ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாய், பொழுதுபோக்குதானே" என்று தயவுசெய்து யாரும் வராதீர்கள். பொழுதுபோக்கு என்பதால்தான் வலிக்கிறது. சம்பளத்துக்குச் செய்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதை ஏன் அங்கிள் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டான். செலவு, அரசியல், போட்டி விமானம் என்று அரைமணி நேரம் பேசினேன். ஜெட் மேசையில் ஃபான்டம் ஜெட்களாக வரிசையில் நின்றவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதாக நான் பார்க்கவில்லை.

அடுத்து நான் செய்யப்போவது மாருத், இந்தியாவின் ஜெட் போர் விமானம். ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் இந்தியாவுக்கு வந்து உருவாக்கியது, 1961 ஜூன் 17 அன்று பறந்தது, 147 கட்டினார்கள். உடம்பு ஒலியைத் தாண்டும் உடம்பு, கிடைத்ததோ திராணி போதாத ஆர்ஃபியஸ் எஞ்சின்கள். அதற்கு ஆஃப்டர்பர்னரோடு ஜாகுவார் போர் விமானத்தின் அடூர் எஞ்சின் இரண்டை மாட்டி, எண்பதுகளின் நிறத்தில் செய்யப் போகிறேன். பின் உடலை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெட் பிரிவில்தான் பெயர் கொடுப்பேன். யாரிடமாவது 1/72 ஜாகுவாரின் எஞ்சின் வாய்கள் உபரியாகக் கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.