விழிப்புணர்வு இல்லையாம்!

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நோயாளியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு போகிற அந்தக் காணொளியைப் பற்றி இரண்டு நாளாக எல்லோரும் பேசியாகிவிட்டது, நான் திரும்ப விளக்கவில்லை. கம்பளி, நாலு பேர், மழை, சறுக்கல் பாதை. எனக்கு எரிச்சல் வந்தது அதற்குக் கீழே நம்ம ஆள் ஒருவர் எழுதியதைப் பார்த்துத்தான். "1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம், ஆஸ்பத்திரியும் இலவசம். இதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்யும்? எங்கள் சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை."

விழிப்புணர்வு! சரி.

1990க்கு அடித்தால் வண்டி வரும். நல்ல பிள்ளைகள், ஓடி வருவார்கள். ஆனால் எதுவரை வருவார்கள்? தார் முடிகிற இடம் வரை. அதற்கு மேலே ரோடு ஏன் அப்படிக் கிடக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க வழியில்லாமல் இருந்தது. அதைத் திருத்தியது 2018இல். முப்பத்தொரு வருடம்! நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய சபை, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகிற பாதையில் ஒரு கூடைக் கல் போட முடியாமல் இருந்தது. இப்போது சட்டம் இருக்கிறது, காசு இல்லை என்கிறார்கள். நோயாளியைக் கம்பளியில் தூக்க வைத்தது இதுதான்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய், அதில் மருந்துக்கு மட்டும் 185 பில்லியன். நல்ல விசயம், நானும் சந்தோசப்பட்டேன். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி அதில் எந்தக் கணக்கில் வருகிறது? தொழிலாளியின் நோயைத் தோட்டம்தான் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1912இல் சட்டம் போட்டான். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு வந்தது. அப்புறம் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. கவனியுங்கள், சில. மிச்சத்தில் மருந்து கேட்டால் தோட்டத்து மேனேஜர், எங்கள் பேச்சில் துரை, அரசாங்கத்தைக் காட்டுவார். அரசாங்கத்தில் கேட்டால், கொழும்பில் இருப்பவர்கள் மாகாண சபையைக் காட்டுவார்கள், மாகாண சபை கொழும்பைக் காட்டும். யார் கணக்கிலும் இல்லாத மருந்து யார் அலமாரியில் இருக்கும்?

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக் நாளில் விடிய முன்னமே இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, பகல் வரைக்கும் காத்திருந்தால் ஒரு மருந்து இருக்கும், இன்னொன்றுக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள், வெளியில் பாமசியில் வாங்கு என்று. அதைச் சொல்வதும் சிங்களத்தில். அம்மா தலையாட்டிவிட்டு வருவார், அப்புறம் என்னிடம் துண்டைக் காட்டி "என்னடா சொன்னாங்க" என்று கேட்பார். அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து ஒரு பேர் 1,750 ரூபாய். 1,550 சம்பளம், மேலே அரசாங்கம் கொடுக்கிற வருகைக் கொடுப்பனவு 200. அதாவது அரசாங்கத்தின் கிளினிக்குக்குப் போனதற்காக அரசாங்கத்தின் 200 ரூபாய் போகிறது. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் அம்மா கிளினிக் போவதே இல்லை. விழிப்புணர்வு இல்லாமல் இல்லை ஐயா, கணக்குத் தெரிந்துதான் போகவில்லை.

"டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017இல் இந்தியப் பிரதமரே வந்து திறந்தாரே" என்பீர்கள். திறந்தார், நல்ல காரியம், யார் இல்லையென்றது? ஆனால் கட்டடம் ஒரு தடவைச் செலவு. தாதி, டொக்டர், எங்கள் பாசையில் "எங்கே வலிக்குது" என்று கேட்க ஒரு ஆள், இதெல்லாம் மாதா மாதம் செலவு. அதற்கு நாடா வெட்டும் விழா கிடையாது.

"2022இல் நாடே மருந்தில்லாமல் தவித்ததே" என்பது நியாயம். எல்லோரும்தான் தவித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

"தொழிற்சங்கங்கள் என்ன செய்தன?" சம்பளத்தில் சந்தா வெட்டின. அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன், இப்போது பிரசர் ஏறும்.

"நீ அரசியல் பேசுகிறாய்." ஆமாம்.

கடைசியாக, அதை எழுதிய மச்சானுக்கு. பேர் சொல்லப்போவதில்லை, உனக்குத் தெரியும். கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறாய், எனக்கும் பெருமைதான். உன் தங்கச்சி பிறந்த இரவு ஞாபகம் இருக்கா? தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. உன் அப்பா முன்னால், என் அப்பா பின்னால், உன் அம்மாவைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நீயும் நானும் லாம்பு பிடித்துக்கொண்டு கூடவே ஓடினோம். அது எங்கள் வீட்டுக் கம்பளி. மூன்றாம் நாள் உன் அம்மாயி அதைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒரு டின்பால் பேணியும்.