2019இல் அமெரிக்கக் கால்பந்து அணி டல்லாஸ் தோற்றது கெல்லன் மூராலா?

"அனுபவமில்லாத கெல்லன் மூரை அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர்) ஆக்கினார்கள், 2019இல் டல்லாஸின் ஆட்டம் படுத்துவிட்டது" என்று, புதியவர்களை இப்படி நியமிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக, மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

அந்த சீசனில் 8 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) போகவில்லை. அதுவரை சரி. ஆனால் தாக்குதலில் பந்தை முன்னேற்றிய மொத்த யார்டுகளில் லீக்கிலேயே முதலிடம் டல்லாஸுக்குத்தான். முந்தைய ஆண்டு 3,885 யார்டு வீசிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) டாக் பிரெஸ்காட், மூரின் கீழ் 4,902 யார்டு வீசினார். முன்னாள் குவார்ட்டர்பேக் டோனி ரோமோவின் அணிச் சாதனைக்கு ஒரே ஒரு யார்டு குறைவு! இதையா படுத்துவிட்டது என்கிறீர்கள்?

நியூ இங்கிலாந்திடம் 13-9 என்று தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணியின் ஒரே டச்டவுனுக்கு வழிவிட்டது, டல்லாஸ் உதைக்கும்போது தடுக்கப்பட்ட பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பது). அன்று தாக்குதலும் சோபிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டங்களுக்கான குழு) செய்த சொதப்பல்களுக்கு, டிசம்பரில் கிக்கரை மாற்ற நேர்ந்ததற்கு, மூர் எப்படிப் பொறுப்பாவார்?

2018இல் அவர் அதே அணியின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். அதற்கு முந்தைய ஆண்டு வரை அங்கேயே வீரர். பிரெஸ்காட்டை அவரளவு அறிந்தவர்கள் குறைவு. புதியவரை நியமிப்பதை எதிர்க்க வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன். இந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கு உதவாது.