விளக்கை எரியவிட்டால் வயது கேட்காதீர்கள்

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹலோவீன் நாளான வெள்ளிக்கிழமை இரவு, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம்மவர் ஒருவரின் வாசல் கமராவில் பதிவானது. இரண்டு பையன்கள் இனிப்பு வாங்கத் தலையணை உறையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "மீசை முளைத்த பிறகும் இனிப்புக்கு அலைகிறார்கள்" என்று எழுதி, முகம் தெரியும்படியே பகிர்ந்துவிட்டார்கள். கீழே சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள்.

ஹலோவீன் இரவில் பிள்ளைகள் வேடம் போட்டு, வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்குவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. விளக்கை எரியவிட்டீர்களா, வந்தவர்களுக்குக் கொடுங்கள். வயது கேட்காதீர்கள்.

"இது நம் பண்டிகையே இல்லை" என்கிறீர்களா? அப்படியானால் விளக்கை அணையுங்கள். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வயதெல்லை வேண்டாமா என்று கேட்கிறார்கள். கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் உள்ள பத்தர்ஸ்ட் நகரில் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் இப்படி இனிப்பு வாங்கப் போகக்கூடாது என்று 2017இல் விதி செய்தார்கள். ரொறன்ரோவில் அப்படி எதுவும் இல்லை. இல்லாத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏன் விசாரிக்கிறீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் என் மகனுக்கு 13 வயது. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். குளிர் ஜாக்கெட்டுக்கு மேல் எலும்புக்கூட்டு உடையை இழுத்து மாட்டியதில் இன்னும் பெரியவனாகத் தெரிந்தான். தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். ஒரு வீட்டில் அவளுக்கு சொக்லேட்டைப் போட்டுவிட்டு, இவனிடம் "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார்கள். தமிழில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது காதோரத்தில் மட்டும் வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது. சின்னவள்தான் நடந்ததைச் சொன்னாள். அடுத்த வருடம் அவன் போகவில்லை. அண்ணா இல்லாமல் அவளும் போகவில்லை.

"காரில் வேறு இடங்களிலிருந்து வந்து இறங்குகிறார்கள்" என்றும் குறை சொல்கிறார்கள். ஆமாம், நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். ஒன்பது வருடம் அடுக்குமாடியில் பதினான்காம் மாடியில் இருந்தோம். தனி வீடுகள் உள்ள தெருக்களுக்குத்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம். அன்று ஒருவர்கூட எங்கள் முகவரியைக் கேட்கவில்லை. செலவு கட்டாது என்றால், இருப்பதைக் கொடுத்துவிட்டு, தீர்ந்ததும் விளக்கை அணையுங்கள்.

பதினான்கு, பதினைந்து வயதில் அவர்கள் வேறு எங்கே இருக்கவேண்டும் என்கிறீர்கள்? கைப்பேசியை விட்டு எழுவதில்லை என்று மீதி 364 நாளும் புலம்புவதும் நாம்தானே. ஒரு இரவு எழுந்து, வேடம் போட்டு, குளிரில் நடந்து, உங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அதைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டுகிறீர்கள்.

2024இல் ஹலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தன. வாசற்படியில் அகல் விளக்குகள் ஏற்றி வைத்திருந்தோம். ஒன்பது மணியளவில் மூன்று நெடிய பையன்கள் வந்தார்கள். ஒருவனின் கறுப்பு அங்கி தரையில் இழுபட்டது. சுடரைக் கண்டதும் இரண்டு கைகளாலும் அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறி வந்தான். பையை நீட்ட அவனுக்குக் கை இல்லை. கழுத்தில் தொங்கிய பையில் நானே போட்டுவிட்டேன்.